வளையம் இல்லாத லென்ஸ்

சிவகாசியில் எனக்கு ஒரு ஸ்டூடியோக்கார நண்பர் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஊரில் எந்தச் சுபகாரியம் நடந்தாலும் அவர் காமிராவுடன் ஆஜராகிவிடுவார். ஆனால் அவருடைய உண்மையான வித்தை கல்யாணப் பந்தலில் இல்லை, வானத்தில் இருக்கிறது. பட்டாசுப் பெட்டியின்மேல் ஒட்டுகிற படத்துக்காக வாணங்களைப் போட்டோ எடுத்துக் கொடுப்பார். ஒரு வாணம் மேலே போய் விரிந்து மறைவதற்குள் நாம் 'ஆகா' என்று முழுசாகச் சொல்லி முடிப்பதில்லை. அதற்குள் அவர் அதைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

2015-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு நாள், விருதுநகரில் பஸ் ஏறித் திருத்தங்கல் வழியாக அவர் ஊருக்குப் போனேன். திருவிழாச் சமயம். இரண்டு இரவு வாணவேடிக்கை இருக்கிறது, அவசியம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வாசற்படியில் கால் வைத்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். திருவிழாக் களை கொஞ்சமும் இல்லை.

"பாடி போயிருச்சு, அண்ணாச்சி" என்றார்.

எனக்குத் திக்கென்றது. வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் மனைவி நிம்மதியாக முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அப்புறந்தான் விஷயம் விளங்கிற்று. போனது காமிராவின் பாடி. பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்ட காமிரா. லட்சக்கணக்கான தடவை கண்ணைத் திறந்து மூடி, ஓய்ந்துவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. மனிதனே அப்படித்தான் ஓய்கிறான்.

"லென்ஸ் ரெண்டும் தங்கம் மாதிரி இருக்கு. அதத்தான் என்ன செய்யன்னு தெரியல" என்றார்.

கல்லூரியில் படிக்கும் அவர் மகன் குறுக்கிட்டான். "அதுக்குத்தான் பெரியப்பா, நான் கண்ணாடி இல்லாத காமிரா வாங்கியிருக்கேன். எந்த லென்ஸும் அதுல சேரும்."

கண்ணாடியே இல்லாத காமிராவில் எதைக் கொண்டு படம் பிடிப்பது என்று நான் விழித்தேன். நம் தமிழில் மூக்குக் கண்ணாடியும் கண்ணாடி, முகம் பார்க்கிறதும் கண்ணாடி, ஜன்னலுக்குப் போடுவதும் கண்ணாடி. பையன் சொன்னது, பழைய காமிராக்களின் வயிற்றுக்குள் சாய்வாக நின்றுகொண்டு, லென்ஸ் காண்பதை நம் கண்ணுக்கு எடுத்துக்காட்டுமே, அந்த முகம் பார்க்கும் கண்ணாடியை. அது இல்லாத காமிராவைத்தான் 'மிர்ரர்லெஸ்' என்கிறார்கள். பானசோனிக் கம்பெனி 2008-இல் 'ஜி 1' என்ற பெயரில் இந்த ஜாதியை ஆரம்பித்து வைத்தது. 2010-இல் சோனியும் வந்து சேர்ந்தது.

அந்தக் கண்ணாடி போனதில் ஒரு பெரிய லாபம் உண்டு, அது இடம். பழைய காமிராவில் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டுமல்லவா? ஆகவே லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளி வைத்தார்கள். நிக்கானில் அந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர், கேனனில் 44. கண்ணாடி ஒழிந்ததும் சோனி அதை 18 மில்லிமீட்டராகச் சுருக்கிவிட்டது. மிச்சமான இடத்துக்குச் சரியாக ஒரு குழாயைச் செய்து நடுவில் மாட்டினால், பழைய லென்ஸ் தன் பழைய தூரத்திலேயே நிற்கும். படமும் தெளிவாக விழும். அந்தக் குழாய்க்குத்தான் அடாப்டர் என்று பெயர். பையன் இரண்டு அடாப்டர்களை வாங்கி வைத்திருந்தான். மலிவானவை. கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில்லாத டப்பா, உள்ளே ஒன்றுமே இல்லை.

அன்றிரவு மொட்டை மாடிக்குப் போனோம். முதல் வாணம் எழுந்தது. சிவப்பும் பச்சையுமாக விரிந்தது. பையன் முதல் லென்ஸில் எடுத்தான். படத்தில் கறுப்புத் துணியில் நாலு மங்கல் இழை கிடந்த மாதிரி என்னவோ தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு இரண்டாவது லென்ஸைப் போட்டான். இந்தத் தடவை வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பை அள்ளி வானத்தில் வீசியது போல ஒரே வெள்ளை.

நண்பர் வெகுநேரம் அந்தச் சிறு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை எங்க போச்சு, அண்ணாச்சி?" என்றார்.

பச்சை எங்கே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால், லென்ஸின் நடுவிலிருக்கும் துவாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூனையின் கண்ணைக் கவனித்திருப்பீர்கள். வெயிலில் பாவை ஒரு கீற்றாகச் சுருங்கும், இருட்டில் அகலும். லென்ஸுக்குள்ளும் அப்படி ஒரு பாவை இருக்கிறது. மற்றப் படங்களில் வெளிச்சம் மிகுந்தால், துவாரத்தைக் குறைக்கலாம். அல்லது காமிரா கண்ணைத் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். வாணத்துக்கு இந்த இரண்டாவது வழி உதவாது. தீப்பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது. படத்தில் ஓர் இடத்தை அது கடக்கிற அந்த நொடிப்பொழுதுதான் அந்த இடத்துக்குக் கிடைக்கிற வெளிச்சம். காமிரா நாலு விநாடி திறந்திருந்தாலென்ன, பத்து விநாடி திறந்திருந்தாலென்ன? பொறிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, ஒரு பொறியின் கோடு கூடுதலாகப் பிரகாசிக்காது. இந்த இரண்டில் கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பது துவாரந்தான். துவாரம் பெரிதாக இருந்தால் சிவப்பும் பச்சையும் அளவு மீறிப் பொங்கி வெள்ளையாகிவிடும். அதனால்தான் வாணம் எடுக்கிறவர்கள் எஃப் 8, எஃப் 11, எஃப் 16 என்று துவாரத்தைச் சிறிதாக வைத்துக்கொள்கிறார்கள்.

நண்பருக்கும் இது தெரியும். முப்பது வருஷமாகச் செய்கிற தொழில். தெரிந்து என்ன பயன்? இரண்டு லென்ஸிலும் துவாரத்தைச் சுருக்குவதற்கு வளையம் கிடையாது. பழைய பாடியில் ஒரு சக்கரத்தைத் திருப்பினால் லென்ஸ் கேட்டுக்கொள்ளும். பாடி போனதும் உத்தரவு போட ஆளில்லை. அதிலும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். முதல் லென்ஸ் லீவரால் இயங்குகிற ஜாதி. உத்தரவு வராவிட்டால் அது கண்ணை மிகமிகச் சிறிதாக இடுக்கிக்கொண்டுவிடும். இரண்டாவது மின்சாரத்தால் இயங்குவது. உத்தரவு வராவிட்டால் அது கண்ணை அகல விரித்தபடியே விழித்திருக்கும். ஒன்று தூங்குமூஞ்சி, மற்றொன்று தூக்கம் கெட்டது. இரண்டும் சேர்ந்து நண்பரை அன்றிரவு தூங்கவிடவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் காப்பி சாப்பிட வந்தார். எண்பது வயதுக்குக் குறைவில்லை. ஓர் அச்சகத்தில் பிராஸஸ் காமிரா பார்த்தவர். சிவகாசியில் தீப்பெட்டி பிறந்ததும், அதற்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத் தொழில் பிறந்ததும், அதிலிருந்து காலண்டர் பிறந்ததும் ஊரறிந்த வமிசாவளி. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் இந்த ஊர் அச்சகங்களின் வழியாகத்தான் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சித்திரம் ஒன்று, பிரதிகளோ ஆயிரக்கணக்கில். நடுவில் நின்றது ஓர் அறை அளவுள்ள காமிரா. அந்தக் காமிராவோடு வாழ்ந்த மனிதர் இவர்.

லென்ஸைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இதுக்கு வளையம் எங்க?" என்று கேட்டார்.

"வளையம் இல்லை, தாத்தா. எல்லாம் காமிராவே பார்த்துக்கும்" என்றான் பையன்.

"காமிரா செத்துப் போச்சுன்னா?"

பையன் பதில் சொல்லவில்லை. பெரியவர் சிரித்தார். "எங்க லென்ஸ்ல வளையமும் உண்டு, தகடு போட ஒரு வெட்டும் உண்டு. ஓட்டை போட்ட தகட்டை அந்த வெட்டுல இறக்குவோம். சதுர ஓட்டை வேணும்னா சதுரம், வட்டம்னா வட்டம். ஓட்டை நம்ம கையில இருந்துச்சு."

ஓட்டை நம்ம கையில இருந்துச்சு! இந்தத் துவாரத்தின் சரித்திரம் முழுவதும் அந்த நாலு வார்த்தையில் அடங்கிக் கிடக்கிறது.

லென்ஸின் ஓரத்தை மறைத்து நடுவை மட்டும் திறந்து வைத்தால் உருவம் துலக்கமாக விழும் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே வெனிஸ் நகரத்து டானியேலே பார்பரோ எழுதி வைத்தார். போட்டோ என்பதே பிறக்காத காலம். இருட்டறைச் சுவரில் விழும் உருவத்தைப் பற்றி அவர் சொன்னது அது. பிறகு 1858-இல் இங்கிலாந்தில் ஹாலிபாக்ஸ் ஊரைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர், வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளைச் செய்து, லென்ஸின் குழலில் ஒரு வெட்டு விட்டு, வேண்டியதைச் செருகிக்கொள்ள வழி செய்தார். நம் பெரியவர் சிவகாசியில் கையாண்டது அந்த ஹாலிபாக்ஸ்காரரின் யுக்தியைத்தான்.

தகடுகள் தொலைந்துபோகும், மாற்ற நேரம் பிடிக்கும். ஆகவே மெல்லிய இதழ்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெளியே ஒரு வளையத்தைத் திருப்பினால் உள்ளே துவாரம் விரிந்து சுருங்கும்படி செய்தார்கள். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று வளையத்தில் எண்கள் ஏறின. எண் ஒரு படி ஏறினால் வெளிச்சம் பாதியாகும். சிறு பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் வந்தது கண்ணாடிக் காமிரா. அதில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். துவாரத்தைச் சுருக்கினால் பார்க்கிற காட்சியும் இருட்டிவிடுகிறது. இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். பார்க்கும்போது துவாரம் திறந்தே இருக்கட்டும். பொத்தானை அழுத்துகிற கணத்தில் காமிராவிலிருந்து ஒரு லீவர் தட்டி, சொன்ன அளவுக்குச் சுருக்கட்டும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் காமிராவில் இந்த ஏற்பாடு இருந்தது. காமிராவின் கை லென்ஸுக்குள் நுழைந்தது. ஆனாலும் எவ்வளவு சுருக்குவது என்பதைச் சொல்கிற வளையம் மனிதனிடமே இருந்தது. எசமான் நாம், ஏவலாள் காமிரா.

1985-இல் எங்கள் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அதே வருஷம் ஜப்பானில் மினோல்டா கம்பெனி 7000 என்ற காமிராவை வெளியிட்டது. அதன் லென்ஸிலிருந்து வளையம் பிரிந்துவிட்டது. லீவர் மட்டும் நின்றது. 1987-இல் கேனன் லீவரையும் எடுத்துவிட்டது. துவாரத்தைச் சுருக்கும் யந்திரம் லென்ஸுக்குள்ளேயே குடியேறிற்று. காமிராவிலிருந்து வருவது மின்சார உத்தரவு மட்டுந்தான். 2000-ஆம் ஆண்டையொட்டி நிக்கானும் 'ஜி' என்ற வரிசையில் வளையத்தைக் கைவிட்டது. தகட்டிலிருந்து வளையத்துக்கு, வளையத்திலிருந்து லீவருக்கு, லீவரிலிருந்து மின்கம்பிக்கு என்று ஒவ்வொரு படியிலும் சௌகரியம் ஏறிற்று. துவாரமோ ஒவ்வொரு படியிலும் நம் கையைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

கம்பெனிக்காரர்கள் வஞ்சனை செய்ததாக நான் சொல்லவில்லை. கண்ணை எடுக்காமல் கட்டைவிரலாலேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள முடிகிறது. லென்ஸின் விலையும் குறைகிறது. வளையத்தை யாரும் திருடவில்லை; நாமேதான் "இது எதற்கு?" என்று கொடுத்துவிட்டோம். வீட்டுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது போல. அவர் இருக்கிறவரையில் ஒரு குறையும் இல்லை. அவர் போய்விட்டால், சொந்த வீட்டு வாசலில் நாம் நிற்கிறோம்.

இந்தச் சாவியைத் திரும்பப் பெற உலகத்தில் பல பேர் பல வழி கண்டிருக்கிறார்கள். லீவர் ஜாதி லென்ஸுக்காக, தன் உடம்பிலேயே ஒரு வளையம் கொண்ட அடாப்டர் உண்டு. அதைத் திருப்பினால் லீவர் நகரும். அடாப்டர் வளையத்தில் எஃப் எண்கள் இல்லாததால் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். மின்சார ஜாதிக்கு, ஒரு காமிராவின் பாஷையை மற்றொன்றுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற அடாப்டர்கள் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டுவிட்டு நண்பர் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு தந்திரமும் உண்டு. உயிருள்ள பழைய பாடியில் லென்ஸை மாட்டி, எஃப் 11 என்று வைத்து, துவாரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால், துவாரம் அப்படியே நின்றுவிடும். செத்த பாடியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வழியில்லை. லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கலாந்தான். அன்று அதுவும் கையில் இல்லை.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தம்பி, ஒரு பழைய காலண்டர் அட்டையும் கத்திரியும் கொண்டா" என்றார்.

விழித்திருக்கிற லென்ஸின் குவியத் தூரம் 85 மில்லிமீட்டர். அதைப் பதினொன்றால் வகுத்தால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எஃப் 11 என்பதற்கு அர்த்தமே அவ்வளவுதான். அட்டையை லென்ஸின் முகத்துக்குச் சரியாக வட்டமாக வெட்டி, நட்ட நடுவில் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓட்டை போட்டு, கறுப்பு மசி பூசி, லென்ஸின் முகப்பில் பதித்தார். ஓரத்துக்குச் சுற்றிலும் டேப். வாட்டர்ஹவுஸ் துரை பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பார். அட்டையின் மறுபக்கத்தில் பாதி முருகன் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

தூங்குமூஞ்சி லென்ஸ் பாக்கி. அதன் பின்புறத்தில் அந்தச் சிறு லீவர் தெரிந்தது. நண்பர் அதை நகத்தால் தள்ளினார், துவாரம் திறந்தது. விட்டார், மூடிக்கொண்டது. பாதி திறந்த இடத்தில் அதை நிறுத்துவதற்கு ஏதேனும் ஆப்பு வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிவகாசியில் அதற்கா பஞ்சம்? மருந்து தோய்க்காத தீக்குச்சி ஒன்று வந்தது. நறுக்கி நறுக்கிப் பார்த்து, ஐந்தாவது துண்டு சரியாக நின்றது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தபோது, அவர்கள் கொண்டுவந்த குச்சி ஒரு நாள் ஜப்பான் லென்ஸின் கண்ணிமைக்கு முட்டுக்கொடுக்கும் என்று கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

அன்று இரவு மறுபடியும் மாடிக்குப் போனோம். பெரியவருக்குப் படி ஏற முடியவில்லை. கீழே கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். முதல் வாணம் எழுந்து விரிந்தது. பையன் பொத்தானை அழுத்தினான். திரையில் கோடு கோடாக இறங்கியது சிவப்பு. அதன் நடுவிலிருந்து, இளநெற்பயிர் போல, பச்சை.

"தாத்தா, வந்திருச்சு!" என்று பையன் கீழே பார்த்துக் கத்தினான்.

அந்தப் பச்சைக்கு நான் ஏன் இவ்வளவு பக்கம் செலவழிக்கிறேன் என்று தோன்றலாம். காரணத்தை மறுநாள்தான் நானும் தெரிந்துகொண்டேன். படத்தின் பிரதி ஒன்றை நண்பர் ஸ்டூடியோவில் வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் வந்தார். பேன்சி ரகங்களுக்கு மணி மருந்து தயாரிக்கிற வேலை பார்த்தவர். வானத்தில் நாம் காணும் நிறங்களெல்லாம் அந்த அறையில் உருண்டை உருண்டையாகப் பிறக்கின்றன. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம், வெள்ளைக்கு அலுமினியம், பச்சைக்குப் பேரியம். உராய்ந்தாலும் உயிர் போகும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இந்த வட்டாரத்தில் அந்தத் தேதியைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும்.

அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தொடாமல், ஒரு கோட்டின் கூடவே விரலைக் கொண்டுபோனார்.

"மேல போறப்ப பார்த்திருக்கேன். கண்ணுக்குள்ள நிக்கிறதுக்குள்ள போயிரும். நம்ம பச்சை இப்பிடியா இருக்கு?" என்றார்.

முதல் நாள் இரவு எடுத்த வெள்ளைப் படத்தை நினைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஒரு வாணந்தான். ஆனால் ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்து உருட்டிய நிறத்தை அது அழித்துவிட்டிருந்தது. ஒரு வளையம் இல்லாமற்போனதால் வரக்கூடிய நஷ்டம் இத்தனை தூரம் போகும் என்று எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலிலும் எழுதியிருக்காது.

மூன்று வருஷம் கழிந்தது. 2018-இல் நிக்கானும் கேனனும் தாங்களே முழு அளவு மிர்ரர்லெஸ் காமிராக்களைக் கொண்டுவந்தன. தங்கள் பழைய லென்ஸ்களின் துவாரத்தை இயக்கவல்ல அடாப்டர்களையும் சேர்த்தே விற்றன. கைவிட்ட குழந்தைகளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், நல்ல காரியம். அதே வருஷம் அக்டோபரில், பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. காற்றையும் சுவாசிக்கிறவர்களையும் எண்ணிச் செய்த தீர்ப்பு. அந்தப் பச்சையும் சரித்திரமாயிற்று.

நண்பரின் ஸ்டூடியோவில் இப்போது புதிய லென்ஸ்கள் வந்துவிட்டன. ஆனாலும் மேஜை டிராயரில், பாதி முருகனும் ஓர் ஓட்டையுமாக அந்தக் காலண்டர் அட்டை பத்திரமாக இருக்கிறது. சுவரில் அந்தப் படம் இருக்கிறது. போகும்போதெல்லாம் நான் அதன்முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். பச்சை இன்னும் அப்படியே இருக்கிறது.